சின்ன நாரத்தை: தஞ்சோங் பகாரில் ஒரு சிசிலிக் கடை

போன டிசம்பர் 13 என் மகளுக்குப் பிறந்தநாள். வழக்கமாக அன்றைக்குச் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் வாழையிலைச் சாப்பாடு, அப்புறம் கோயில். இந்த முறை, "அம்மா, இந்த வருஷம் நான் கூப்பிடுற இடத்துக்கு வாங்க" என்றாள். தஞ்சோங் பகார் எம்ஆர்டியில் இறங்கி, நீல் ரோடு பக்கம் நடந்து, ஒரு சந்துக்குள் நுழைந்தோம். பழைய கடைவீட்டின் கீழ்த்தளம். ஆறு மேசை, சமையற்கட்டைப் பார்த்தபடி நான்கு உயர நாற்காலி. எண்ணெய் காயும் வாசனை வாசல் நடைபாதை வரைக்கும் வந்தது. நல்ல எண்ணெய். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயென்றால் மூன்று கடை தள்ளியே எனக்குத் தெரிந்துவிடும்.

கடையின் பெயரைப் போட்டு எழுதலாமா என்று அவர்களிடம் நான் இன்னும் கேட்கவில்லை. அதனால் பெயர் வேண்டாம். வாசல் சுவரில் நீல ஓட்டில் எலுமிச்சைக் கிளை வரைந்திருக்கும். அந்தப் பக்கம் போகிறவர்கள் கண்ணில் படாமல் இருக்காது.

நான் பதினெட்டு வருஷமாக அங் மோ கியோவில் வீட்டிலேயே ஊறுகாய் போட்டு விற்கிறேன். மாங்காய், எலுமிச்சை, மாகாளி, நாரத்தை. கேட்டு வாங்குகிறவர்களில் பாதிப் பேர் நாரத்தைக்காக வருகிறவர்கள். ஒரு இத்தாலியக் கடையைப் பற்றி நான் உட்கார்ந்து எழுதுவதற்கும் அந்த நாரத்தைதான் காரணம்.

மெனு அட்டையில் முதல் வரியிலேயே 'அரஞ்சீனி' என்று இருந்தது. பரிமாறிய பெண்ணிடம் என்னவென்று கேட்டேன். "சோற்று உருண்டை ஆன்ட்டி. உள்ளே பூரணம் வைத்துப் பொரித்தது. பெயருக்குச் சின்ன ஆரஞ்சு என்று அர்த்தம்" என்றாள். சோற்று உருண்டைக்கு எதற்கு ஆரஞ்சின் பெயர் என்று நினைத்தேன். தட்டு வந்ததும் கேள்வி போய்விட்டது.

கை நிறையப் பிடிக்கும் அளவு. சீனப் புத்தாண்டுக்குப் பக்கத்து வீட்டார் ஜோடியாகக் கொடுக்கும் மாண்டரின் ஆரஞ்சைவிட ஒரு சுற்றுப் பெரிது. நல்ல உருண்டை, எந்தப் பக்கமும் தட்டையில்லை. நிறம் அப்படியே பழுத்த ஆரஞ்சின் நிறம், ஓர் இடத்தில்கூடக் கருகல் கிடையாது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ரொட்டித் தூள் பொரிந்த மேல்தோல் ஆரஞ்சுத் தோலைப் போலவே சின்னச் சின்னப் புள்ளியாகச் சொரசொரத்திருந்தது. கையில் எடுத்தால் கனம். எப்படியும் இருநூறு கிராம் இருக்கும். இரண்டாகப் பிளந்தேன். வெளியே மெல்லிய மொறுமொறுப்பு, அடுத்து ஒரு விரற்கடைக் கனத்துக்குக் குங்குமப்பூ போட்ட மஞ்சள் சோறு, நடுவில் கீரையும் உருகிய சீஸும். ஆவி முகத்தில் அடித்தது. சோறு குழைந்திருந்தாலும் பருக்கை பருக்கையாகத் தெரிந்தது. அதுதான் கஷ்டம். குழைய விட்டால் களியாகிவிடும். விறைப்பாக எடுத்தால் உருண்டை பிளந்துவிடும். உப்பு சரியாக இருந்தது. சீஸில் உப்பு இருப்பதை மனதில் வைத்துச் சோற்றுக்குக் குறைத்துப் போட்டிருக்கிறார்கள். இதைக் கவனிக்காத சமையற்காரர்கள் நிறையப் பேர்.

பெயரை வைத்தே ஒரு பண்டத்தை எடை போடலாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. சின்ன ஆரஞ்சு என்று சொன்னால் அது உருண்டையாக, அந்த நிறத்தில், கையில் கனமாக, பிளந்தால் உள்ளே ஈரமாக இருக்க வேண்டும். இந்த நாலும் இங்கே இருக்கின்றன. இதே ஊரில் ஒரு கடைத்தொகுதியில் அரஞ்சீனி என்று எலுமிச்சம்பழ அளவில், பழுப்பு நிறத்தில், உள்ளே ஒன்றுமே இல்லாமல் ஐந்து உருண்டை வைத்தார்கள். அதை ஆரஞ்சு என்று யாரும் சொல்ல முடியாது.

அன்றைக்குக் கடையில் பாஸ்தா கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ரொட்டியும் இல்லை. மகளுக்கு ஏமாற்றம். கொஞ்ச நேரத்தில் சமையற்காரரே வெளியே வந்து காரணம் சொன்னார். நாற்பதைத் தாண்டியவர், சிசிலித் தீவின் பலெர்மோக்காரர். டிசம்பர் 13 அவர்களுக்குப் புனித லூசியா திருநாள். 1646இல் பலெர்மோவில் பஞ்சம் வந்து மக்கள் வேண்டிக்கொண்டிருந்தபோது, தானியம் ஏற்றிய கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வந்தது என்று அங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். மாவாக அரைக்கும் வரைக்கும் பொறுக்க முடியாமல் கோதுமையை அப்படியே அவித்துச் சாப்பிட்டார்களாம். அந்த நினைவாக அன்றைக்குப் பலெர்மோவில் மாவுப் பண்டமான ரொட்டியும் பாஸ்தாவும் தொடுவதில்லை. அவித்த கோதுமையில் செய்யும் 'குச்சீயா'வும் இந்தச் சோற்று உருண்டையும்தான். எங்கள் மேசைக்கு ஒரு கிண்ணம் குச்சீயாவைப் பிறந்தநாளுக்கென்று காசு வாங்காமல் வைத்தார். பாலாடைக் கட்டியும் சர்க்கரையும் சேர்த்த கோதுமை. எனக்குப் பிடித்தது. மகள் இரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொண்டாள்.

நான் அரஞ்சீனி என்று சொன்னதும் அவர் மெதுவாகத் திருத்தினார். அவர் ஊரில் அதை 'அரஞ்சீனா' என்பார்கள். பெண்பால். பன்மை 'அரஞ்சீனே'. தீவின் கிழக்குப் பக்கம் கத்தானியாவில் 'அரஞ்சீனோ', ஆண்பால். அதன் பன்மைதான் உலகம் முழுவதும் பரவிய அரஞ்சீனி. மெனுவில் அப்படிப் போட்டிருப்பது வாடிக்கையாளர்களுக்குப் புரியட்டும் என்றுதான். வடிவமும் வேறு. பலெர்மோவில் உருண்டை, கத்தானியாவில் கூம்பு, அந்த ஊருக்குப் பின்னால் நிற்கும் எத்னா எரிமலையைப் போல. இதில் இரண்டு ஊருக்கும் விட்டுக்கொடுக்காத வழக்கு. ஃபிளாரன்ஸில் 1583 முதல் இத்தாலிய மொழியைக் காத்துவரும் 'அக்காதேமியா தெல்லா குருஸ்கா' என்ற அமைப்பு 2016இல் இதற்குப் பதில் சொன்னது: இரண்டும் சரி. இத்தாலியத்தில் மரம் ஆண்பால், 'அரஞ்சோ'. பழம் பெண்பால், 'அரஞ்சா'. பழத்தின் பெயரிலிருந்து வந்த பண்டம் என்பதால் பெண்பாலுக்குக் காரணம் உண்டு. சிசிலியின் பேச்சுமொழியில் பழத்தையே ஆண்பாலாகச் சொல்வதால் அதற்கும் காரணம் உண்டு. நமக்கு மரமும் பழமும் அஃறிணை என்பதால் இந்தச் சண்டையே வந்திருக்காது. ஆனாலும் ஒரு பலகாரத்தின் விகுதிக்காக இரண்டு ஊர் மல்லுக்கட்டுவதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. பெயரின் மேல் அக்கறை உள்ளவர்கள் பண்டத்திலும் அக்கறையாக இருப்பார்கள்.

திரும்பும் ரயிலில் மகள் தன் கைப்பேசியில் தேடிக்கொண்டே வந்தாள். "அம்மா, ஆரஞ்சுங்கிற சொல் எங்க இருந்து வந்துச்சு தெரியுமா? உங்க நாரத்தங்காயில இருந்து" என்றாள். கைப்பேசி சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வாரம் விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்துக்குப் போனேன். சொற்பிறப்பு அகராதிகளைக் கேட்டு வாங்கி ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்தேன். விஷயம் உண்மைதான்.

வழி இதுதான். இத்தாலியத்தின் அரஞ்சா அரபுமொழியின் 'நாரஞ்சு'விலிருந்து வந்தது. அரபுக்குப் பாரசீகத்தின் 'நாரங்' கொடுத்தது. பாரசீகத்துக்கு வடமொழியின் 'நாரங்க' கொடுத்தது. வடமொழிக்கு இந்தச் சொல் தெற்கிலிருந்து, திராவிட மொழிகளிலிருந்து போயிருக்க வேண்டும் என்பதுதான் அகராதிக்காரர்களின் கருத்து. அதற்குச் சாட்சியாக அவர்கள் நிறுத்துவது தமிழின் நாரத்தையையும், மலையாளத்தின் நாரங்ஙாவையும், தெலுங்கின் நாரிஞ்சவையும்தான். மலையாளிகள் இன்றைக்கும் எலுமிச்சையைச் செறுநாரங்ஙா என்கிறார்கள்; என் மேல்வீட்டு மலையாளத்து அம்மா தினமும் சொல்லும் சொல். நாறுதல் என்ற வினையோடு சேர்த்துப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். இன்று நாறுகிறது என்றால் மூக்கைப் பிடித்துக்கொள்வோம். பழைய தமிழில் நாறுவது என்றால் மணப்பது. நாரத்தை இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தவர்களுக்கு இது சரியென்றே படும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த முதல் 'ந' போன கதை. ஸ்பானியர்கள் அதை விடாமல் வைத்துக்கொண்டார்கள்; அவர்களுக்கு இன்றும் 'நாரான்ஹா'தான். வெனிஸ் நகரத்தின் பேச்சிலும் ந இருந்தது. இத்தாலியத்தில் 'ஒரு' என்பதற்கு 'உன்', 'உனா' என்ற சொற்கள் முன்னால் வரும். 'உனா நரஞ்சா' என்று வேகமாகச் சொல்லிச் சொல்லி, ந முன்சொல்லோடு ஒட்டிக்கொண்டது, பழம் அரஞ்சாவாகிவிட்டது. பிரெஞ்சுக்காரர்களிடம் போனபோது தங்கத்துக்கு அவர்கள் சொல்லும் 'ஓர்' என்ற சொல்லின் சாயல் ஏறி, ஆங்கிலத்துக்கும் அப்படியே போனது. ஆங்கிலத்திலிருந்து ஆரஞ்சு என்று நம்மிடமே திரும்பி வந்தது. வெளியூருக்குப் போன பிள்ளை பெயரின் முதல் எழுத்தைத் தொலைத்துவிட்டு வீட்டுக்கு வந்த மாதிரி. தேக்கா சந்தையில் ஒரே பழக்கடையில் நாரத்தையும் ஆரஞ்சும் பக்கத்துப் பக்கத்துக் கூடையில் இருப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! இரண்டும் ஒரே சொல் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

இன்னொன்று. அரபுகள் சிசிலியில் காலடி வைத்தது 827இல். 831இல் பலெர்மோவைப் பிடித்தார்கள். 1072இல் நார்மானியர்கள் அவர்களிடமிருந்து அதைப் பறித்தார்கள். அரபுகள் அங்கே கொண்டுவந்த ஆரஞ்சு இன்று நாம் உரித்துத் தின்னும் இனிப்பு ஆரஞ்சு இல்லை. கசப்பும் புளிப்புமான பழம், அப்படியே தின்ன முடியாது. இனிப்பு வகை ஐரோப்பாவுக்கு வந்து பரவ இன்னும் சில நூற்றாண்டு ஆனது. ஆக, அந்தச் சொல் முதலில் சுமந்துபோனது நம் நாரத்தைக்கு நெருங்கிய சொந்தமான ஒரு பழத்தை.

அந்தச் சோற்று உருண்டையும் அரபுகள் காலத்தது என்று பலர் சொல்கிறார்கள். சோறும் எலுமிச்சை இனப் பழங்களும் அவர்கள் காலத்தில் அங்கே வேர் பிடித்தவைதான். ஆனால் இந்தப் பெயர் எழுத்தில் வருவது வெகு பிந்தி. 1857இல் வந்த ஜுசெப்பே பியுந்தியின் சிசிலிய அகராதியில் அது ஆரஞ்சு வடிவில் செய்யும் ஓர் இனிப்புச் சோற்றுப் பண்டம். இனிப்பு! கறியும் தக்காளியும் உள்ளே போனது அப்புறம்தான். தக்காளியே அமெரிக்காவிலிருந்து வந்த பிறகுதானே ஐரோப்பாவுக்குத் தெரியும். இது எனக்குத் தெரிந்தபோது அவர் வைத்த குச்சீயாவின் ருசிதான் நினைவுக்கு வந்தது. அந்த ஊருக்குத் தானியத்தை இனிப்பாகச் சாப்பிடுவது புதிதில்லை.

ஜனவரியில் இரண்டாவது முறை தனியாகப் போனேன், பையில் ஒரு பாட்டில் நாரத்தங்காய் ஊறுகாயோடு. உயர நாற்காலியில் உட்கார்ந்தால் அவர் கை தெரியும். நான் பார்க்கப் போனது அந்தக் கையைத்தான்.

சோற்றை முந்தின நாளே ஆக்கி, அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்துவிடுகிறார். குட்டையான, மாவுச்சத்து அதிகமுள்ள அரிசி. பொங்கலுக்குப் பச்சரிசி குழைந்து ஒட்டுமல்லவா, அந்தக் குணம் இதற்கும் உண்டு. பாஸ்மதியில் இது வராது. இடது உள்ளங்கையில் ஒரு பிடி சோறு எடுத்து, வலது கட்டைவிரலால் நடுவில் அழுத்தி, உள்ளங்கையைச் சுழற்றிச் சுழற்றிக் கிண்ணம் போலாக்குகிறார். நாம் கொழுக்கட்டைக்குச் சொப்பு பிடிப்பதேதான். ஓரம் கனக்காமல், அடி மெலியாமல். பூரணத்தை வைத்து, மேலே ஒரு சிட்டிகைச் சோறு மூடி, இரண்டு கையாலும் உருட்டுகிறார். உருட்டி முடித்ததும் ஒரு முறை அழுத்திப் பார்க்கிறார், விரிசல் இருக்கிறதா என்று. நானும் பூரணக் கொழுக்கட்டையில் அப்படித்தான் பார்ப்பேன். அப்புறம் மைதாவும் தண்ணீரும் கரைத்த மாவில் முக்கி, ரொட்டித் தூளில் புரட்டி எண்ணெயில் விடுகிறார். மாவில் முட்டை இல்லை. அவர் வெப்பமானியில் 180 பார்க்கிறார். நான் என்றால் ஒரு துளி மாவைப் போட்டு அது எழும்பும் வேகத்தைப் பார்ப்பேன். உருண்டை முழுக்க எண்ணெயில் முங்குகிறது. அதனால்தான் எந்தப் பக்கமும் தட்டையாகவில்லை, நிறமும் ஒரே சீராக ஏறுகிறது.

கூட்டம் குறைந்ததும் பாட்டிலைக் கொடுத்தேன். நாரத்தங்காயை நான் துண்டு போடுவதில்லை. ஒரே சுருளாக, அறுந்துவிடாமல் சுற்றி வெட்டி, சுருளுக்குள் உப்பை அடைத்து ஜாடியில் போட்டு, பகலில் சன்னலோரம் வெயில் காட்டி, இரவில் அதே உப்பு நீரில் ஊறவிடுவேன். இந்த ஊர் ஈரக் காற்றில் வெயில் இரண்டு நாள் வந்தால் மூன்று நாள் வராது. சில சமயம் ஒரு மாதம் ஆகும். அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, பலெர்மோவில் தெருவோரம் நிற்கும் கசப்பு ஆரஞ்சு மரங்களின் வாசனை என்றார். பழம் கீழே விழுந்து கிடக்குமாம், யாரும் எடுக்க மாட்டார்களாம். ஒரு சுருளைக் கிள்ளி வாயில் போட்டார். உப்பு முகத்தைச் சுளிக்க வைத்தது; ஆனால் துப்பவில்லை. மெதுவாக மென்றார். அப்புறம் ஒரு அரஞ்சீனாவைப் பிளந்து, மஞ்சள் சோற்றின் மேல் அரிசி அளவு ஊறுகாயை வைத்து எனக்கு ஒரு பாதி, தனக்கு ஒரு பாதி.

தயிர்ச்சோற்றுக்கு மட்டும்தான் நாரத்தங்காய் என்று நினைத்திருந்தேன். சீஸ் உருகிய சோற்றுக்கும் அது பொருந்துகிறது. எண்ணெயும் சீஸும் நாக்கில் படிந்து திகட்டுகிற இடத்தில் அந்தக் கசப்பு வந்து துடைத்துவிட்டுப் போகிறது.

சொல்லின் கதையைச் சொன்னேன். ஆர்டர் எடுக்கும் தாளில் அவர் எழுத்தில் 'நாரத்தை' என்று எழுதிக்கொண்டு, திரும்பச் சொல்லச் சொன்னார். ரகரம் அவருக்கு நன்றாக உருண்டு வந்தது. ஐகாரம்தான் ஆகாரமாகப் போனது.

அவருக்குத் தெரிந்த இன்னொரு பெயர்க் கதையையும் சொன்னார். ரோமில் இதற்கு ஒரு பங்காளி உண்டு, 'சுப்ளீ'. நீள உருண்டை, தக்காளிச் சோறு, நடுவில் மொட்சரெல்லா. பிரெஞ்சில் ஆச்சரியம் என்பதற்குச் சொல்லும் 'சுர்ப்ரீஸ்'தான் ரோமானியர் வாயில் சுப்ளீயானது. இரண்டாகப் பிய்த்தால் சீஸ் இழையாக நீண்டு பழைய தொலைபேசிக் கம்பி போல இருப்பதால் 'தொலைபேசிச் சுப்ளீ' என்றும் சொல்வார்களாம். கடையில் அது கிடையாது.

ரிசோத்தோவும் வாங்கினேன். சாற்றில் குழைய வேகவைத்த சோறு, குங்குமப்பூ போட்ட மிலான் முறை. 'ரீசோ' என்றால் அரிசி, 'ஓத்தோ' விகுதி. அவ்வளவுதான் பெயர். ரீசோவுக்கு லத்தீனும் அதற்கு முன் கிரேக்கத்தின் 'ஒருசா'வும் மூலம். அந்த ஒருசா நம் அரிசியிலிருந்து போனது என்று கால்டுவெல் 1856இல் எழுதினார். நாம் பள்ளியிலேயே கேட்ட செய்தி. பின்னால் வந்த அறிஞர்கள் பலர், அது பழைய ஈரானிய மொழிகள் வழியாகப் போனது, வடமொழியின் 'வ்ரீஹி'க்கு உறவு என்கிறார்கள். அந்த வ்ரீஹிக்கே தெற்குதான் மூலமா என்று இன்னொரு விவாதம் நடக்கிறது. நாரத்தையில் கிடைக்கும் ஒத்த கருத்து அரிசியில் இல்லை. ஆகவே மேடையில் பெருமை பேசுகிறவர்கள் அரிசியைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு நாரத்தையை எடுத்துக்கொள்ளலாம். ஏப்ரலில் தமிழ்மொழி மாதம் வருகிறது. யாராவது பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நன்றாக இருக்கும்.

ரிசோத்தோ எனக்குத் திருப்தியில்லை. தட்டை அசைத்தால் அலை போல நகர வேண்டும் என்பார்கள் இத்தாலியர்கள். எனக்கு வந்தது கரண்டியை நட்டுவைத்தால் நிற்கும் பதம். ஆறிய பொங்கல் மாதிரி. அன்றைக்கு மேசையெல்லாம் நிரம்பியிருந்தது, எடுத்துவைத்து நேரமாகியிருக்க வேண்டும். 26 வெள்ளிக்கு அது அதிகம்.

அதைவிடப் பெரிய குறை பொட்டலம். பிப்ரவரியில் என் நாத்தனார் வீட்டுக்கு ஆறு அரஞ்சீனா கட்டி வாங்கிப் போனேன். மூடிய பெட்டிக்குள் சூடாக வைத்துவிட்டார்கள். ஆவி வெளியே போக வழியில்லை. புக்கிட் பாத்தோக் போய்த் திறந்தபோது மேல்தோல் நனைந்த ரொட்டியாக இருந்தது. ஒன்று நடுவில் சில்லென்று. அவசரத்தில் முன்னாடியே எடுத்திருக்கிறார்கள். அடுப்பில் 180இல் பத்து நிமிஷம் வைத்ததும் மொறுமொறுப்புப் பாதி திரும்பியது. மைக்ரோவேவில் வைக்காதீர்கள், களியாகிவிடும். கடையில் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள், சாக்குச் சொல்லவில்லை. போன வாரம் பார்த்தபோது பெட்டி மூடியில் நான்கு ஓட்டை போட்டிருந்தார்கள்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது சில உண்டு. அதிகம் விற்பது கறி ராகு, அதாவது தக்காளியில் வெந்த கொத்துக்கறி, வைத்த அரஞ்சீனா. பட்டாணியோடு வரும், கறி மாடும் பன்றியும் கலந்தது. 'அல் பூர்ரோ' என்றால் வெண்ணெய் வகை என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். உள்ளே ஹாம் இருக்கும், அதுவும் பன்றிதான். கீரை வகையில் கறி இல்லை. சோற்றையும் காய்கறிச் சாற்றில்தான் வேகவைக்கிறார்கள், கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஆனால் எல்லாவற்றிலும் பார்மிஜானோ சீஸ் விழுகிறது. அந்தச் சீஸுக்குப் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்ப்பார்கள். கடுமையான சைவக்காரர்களுக்கு அது ஆகாது. முன்கூட்டிச் சொன்னால் அந்தச் சீஸ் இல்லாமல் செய்து தருகிறார். ருசி கொஞ்சம் குறையும், உப்பைக் கூட்டி ஈடுகட்டுகிறார். ரிசோத்தோவில் வெள்ளை வைன் உண்டு. ஹலால் கடை இல்லை.

விலை: அரஞ்சீனா ஒன்று 8 வெள்ளி. அதன் மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், 9 விழுக்காடு ஜிஎஸ்டி. கையிலிருந்து போவது ஒன்றுக்கு 9 வெள்ளி 59 காசு. இரண்டு தின்றால் வயிறு நிரம்பிவிடும். கோப்பிக்கடைக் கணக்கில் பார்த்தால் அதிகம். அந்தக் கைவேலைக்கும் குங்குமப்பூவுக்கும் நான் மனசோடு கொடுக்கிறேன்.

தண்ணீருக்குக் காசு வாங்குவதில்லை. இசையைக் குறைவாக வைக்கிறார்கள், பேசினால் கேட்கிறது. வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் கவனிக்க: வாசலில் இரண்டு படி, கைப்பிடி கிடையாது. கழிவறை பின்கட்டில், வழி குறுகல்.

திங்கள் விடுமுறை. மதியம் 12க்குத் திறக்கிறார்கள். 12:30க்குள் போனால் முதல் எண்ணெயில் பொரித்தது கிடைக்கும். கீரை அரஞ்சீனாவைத் தனி எண்ணெயில் பொரிக்க வேண்டுமென்றால் முந்தின நாளே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். டிசம்பர் 13க்குப் போகிறவர்கள் நவம்பரிலேயே மேசை சொல்லி வையுங்கள், அன்றைக்குப் பாஸ்தா கேட்காதீர்கள். உயர நாற்காலியில் உட்கார்ந்து நாரத்தங்காய் இருக்கிறதா என்று கேட்டால் அடுக்கின் கடைசித் தட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பார். மெனுவில் இல்லை. இந்த வாரம் வெயில் நன்றாக அடிக்கிறது. இரண்டாவது பாட்டிலை ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன்.